நடக்காத கூட்டத்தின் மூன்றாவது ஓட்டு

துரா-புலாக்
ஏப்ரல் 9

சம்பந்தி துராத்பெக் அவர்களுக்கு,

மார்ச் பதினொன்றாம் தேதி, நடக்காத ஒரு கூட்டத்தில், நான் கொடுக்காத ஓட்டை வைத்து, எங்கள் பள்ளத்தாக்கு வானொலியின் அலைவரிசையைப் பறித்திருக்கிறீர்கள். அந்தத் தீர்மானத்தின் அடியில் ஒரோசாலி என்று கையெழுத்து இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான். அதற்கு மேலே இருக்கும் ஒரு வரியும் என்னுடையது அல்ல.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். போனில் பேசினால் பிறகு யாரும் எதுவும் பேசவில்லை என்று ஆகிவிடுகிறது. தொலைத்தொடர்பு ஆணையத்தில் நான்கு வருஷம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றது அது ஒன்றுதான். அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டும்.

நடந்ததை வரிசையாக வைக்கிறேன்.

பிப்ரவரி 24 அன்று என் மனைவி சைரா இங்கே இறந்தாள். மறுநாள் காலை நான் தலைநகரிலிருந்து கிளம்பினேன். அலுவலக வாசலில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் மேல்கோட்டுகூடப் போடாமல் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டீர்கள். பிறகு கோப்பைத் திறந்தீர்கள்.

"சம்பந்தி, நாப்பதாம் நாள் முடிஞ்சுதான் வருவீங்க. செல்போன் கம்பெனிக்காரங்க சான்றிதழ் பத்து பதினஞ்சு தேங்கிக் கெடக்கு. கடைசிப் பக்கத்துல மட்டும் போட்டுட்டுப் போங்க. மேல ஜிப்பார் டைப் பண்ணிக்குவா."

நம் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பின் கடைசிப் பக்கம் தனித் தாள். ஐந்து பெயர், ஐந்து கோடு, வேறொன்றும் கிடையாது. ஊருக்குப் போகிறவர்கள் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவது பழக்கம். நான் மட்டும் ஒரு தடவையும் போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன். வண்டியின் பானெட்டில் வைத்து ஐந்து தாள். குளிரில் பேனா எழுதவில்லை. நீங்கள் அதை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தீர்கள்.

சாவு வீட்டுக்குப் போகிற வழியில், சம்பந்தி நீட்டிய தாளை "எதற்கு?" என்று கேட்கிற மனிதன் எங்கள் பக்கத்தில் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. போட்டது நான்.

மார்ச் 2 அன்று பனி சரிந்து கணவாய் மூடிக்கொண்டது. மார்ச் 14 அன்று போலீஸ்காரன் ஒருவன் சோனுன் நடத்தும் வானொலிக்கு வந்தான். கால்நடை மருந்தகத்துக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு மைக், ஒரு டிரான்ஸ்மிட்டர். அவ்வளவுதான் அந்த வானொலி. காணாமல் போன குதிரையின் காதில் உள்ள அடையாள வெட்டு எப்படி, எந்தச் சரிவில் பனி இளகியிருக்கிறது, யார் வீட்டில் சாவு என்று அவள் சொல்வாள். சைராவின் சாவையும் அவள்தான் சொன்னாள். மார்ச் முதல் வாரத்தில், மாவட்ட அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்த மேய்ச்சல் நிலக் குத்தகைப் பட்டியலை மூன்று மாலை வாசித்தாள். எந்த நிலம், யாருக்கு, எத்தனை வருஷம். ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. கோடை மேய்ச்சலில் பாதி, யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனிக்கு நாற்பது வருஷத்துக்குப் போயிருந்தது. கேட்டவர்கள் குதிரை ஏறி மாவட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். அவள் செய்த குற்றம் இதுதான்.

போலீஸ்காரன் வந்தபோது நான் அங்கே இருந்தேன்.

"அக்கா, போன் வந்துச்சு. சீல் வைக்கணுமாம்."

"யாரு போன்?"

"மேலருந்து."

"மேலன்னா? மலை மேலருந்தா?"

"அக்கா, என் பொழப்ப வெச்சு வெளையாடாதீங்க."

"காகிதம் எங்க?"

"கணவாய் தொறந்ததும் வருமாம். அரக்கு வேற எடுத்துட்டு வரல. மெழுகுவர்த்தி இருந்தா ஒண்ணு குடுங்களேன்."

அவள் கொடுத்தாள். அவள் மெழுகிலேயே அவள் கதவை மூடினான்.

காகிதம் நேற்று முன்தினம் முதல் லாரியில் வந்தது. என் கண்ணாடி வீட்டில் இருந்ததால் சோனுன் உரக்கப் படித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"அண்ணே, இதுல உங்க பேரு இருக்கு."

"படி."

"வேணாம்ணே."

"படி."

படித்தாள். தலைவர் துராத்பெக் ஆதரவு. இன்னொரு உறுப்பினர் ஆதரவு. ஒரோசாலி ஆதரவு. அனார்கான் எதிர்ப்பு. ஐந்தாமவர் வெளிநாட்டில். ஐந்தில் மூன்று. என் ஓட்டு இல்லாவிட்டால் தீர்மானமே இல்லை.

தாளை மடித்து வைத்தாள். எனக்குத் தேநீர் ஊற்றினாள். குடித்தேன். சூடாக இருந்ததா என்று தெரியவில்லை.

தீர்மானத்தை எதிர்த்து நீதிமன்றம் போக மூன்று மாதம்தான் தவணை. அதற்கு முன் நீங்களே கூட்டத்தைக் கூட்டி இதை ரத்து செய்ய வேண்டும்.

ஒரோசாலி


தலைநகர்
ஏப்ரல் 17

அன்புள்ள சம்பந்திக்கு,

கையால் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று தாளைக் கிழித்தேன். உங்கள் பிடிவாதத்தால் ஆணையத்தின் காகிதச் செலவு கூடுகிறது.

முதலில், சைராவின் நாற்பதாம் நாளுக்கு என்னால் வர முடியவில்லை. கணவாய் திறக்கும் என்று ஐந்து நாள் வண்டியைத் தயாராக வைத்திருந்தேன். சம்பந்தி வீட்டுச் சாவுக்கு வராதவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. இப்போது சொல்வார்கள். அந்தக் கணக்கில் என்னை மன்னியுங்கள்.

அடுத்தது உங்கள் கடிதம். நீங்கள் எழுதியிருக்கும் எதையும் மறுக்கப் போவதில்லை. ஆனால் இப்படிப் பாருங்கள். நம் ஆணையம் அரசாங்கத்துக்குக் கட்டுப்படாதது என்று சட்டம் சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தை நானே திறந்து காட்டுகிறேன். அது உண்மைதான். அது புதுச் செருப்பு மாதிரி, சம்பந்தி. விசேஷத்துக்குப் போடலாம். தினமும் போட்டுக்கொண்டு மலை ஏறினால் கால்தான் புண்ணாகும். இந்த நான்கு வருஷத்தில் நாம் எத்தனையோ நல்ல காரியம் செய்திருக்கிறோம். மலையோரக் கிராமங்களுக்கு டவர் வைக்கச் சொல்லிக் கம்பெனிகளை மடக்கினோம். அதைச் செய்ய முடிந்தது எப்படி? எப்போது தலையைக் குனிய வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததால்.

சோனுனிடம் சொல்லுங்கள். இலையுதிர் காலத்தில் வேறு அலைவரிசை தருகிறேன். தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஆறு, சுத்தமான இடம். புது டிரான்ஸ்மிட்டருக்கும் ஏற்பாடு செய்கிறேன். அதுவரை அவள் நீதிமன்றம், மனு என்று போக வேண்டாம்.

மருமகள் மீரிம் நன்றாக இருக்கிறாள். நேற்று சாப்பிடும்போது, "மாமா, அப்பா ஏன் உங்களுக்கு லெட்டர் போடறாரு, போன் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். "உங்கப்பாவுக்கு என் கையெழுத்துமேல ஆசை" என்றேன். என் மகன் ஆதில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

வேலைக்குத் திரும்பி வாருங்கள். உங்கள் நாற்காலி காலியாக இருக்கிறது.

உங்கள்
துராத்பெக்


துரா-புலாக்
ஏப்ரல் 26

சம்பந்தி,

என் நாற்காலி காலியாக இருந்தபோதுதான் அது ஓட்டுப் போட்டது. காலியாகவே இருக்கட்டும்.

தீர்மானத்துக்குக் காரணம் விமானத் தொடர்புக்கு இடையூறு என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே பறப்பது காக்கையும் பிளாஸ்டிக் பையும்தான். சோனுனின் வானொலி நூற்று மூன்று புள்ளி நான்கில் இருக்கிறது. விமானத்துக்கு ஒதுக்கியது நூற்றெட்டுக்கு மேல். அவளுடைய டிரான்ஸ்மிட்டர் நான் கட்டிக் கொடுத்தது. ஒட்டிய கம்பி ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். அது எங்கே கசிகிறது, எங்கே கசியவில்லை என்று என்னிடம் கேட்டிருக்கலாம்.

அளவீட்டு வண்டி மார்ச் 6 அன்று துரா-புலாக் பாலத்தருகே நின்று அளந்ததாக அறிக்கை சொல்கிறது. மார்ச் 6 அன்று கணவாயில் மூன்று ஆள் உயரத்துக்குப் பனி கிடந்தது. அந்தப் பாலத்தை அந்த வாரம் நான் தினம் இரண்டு தடவை கடந்தேன். ஒரு பக்கம் என் வீடு, மறுபக்கம் கல்லறை. வண்டி எதையும் பார்க்கவில்லை. பொய் சொல்கிறவர்கள் பனியையாவது விசாரித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

நான் எந்தத் தொழில்நுட்பப் பள்ளியிலும் கால் வைத்ததில்லை. மேய்ப்பர்களின் பழைய ரேடியோப் பெட்டிகளைப் பிரித்து மாட்டித்தான் கற்றேன். கூட்டத்தில் நான் வாய் திறந்தால், "நம்ம நாட்டு வைத்தியர் பேசறார், கேளுங்க" என்பீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். மாகாணத்திலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால் எனக்கு அந்த இடம் கிடைத்தது. அந்த இடத்தில் இருந்துகொண்டு என் மாகாணத்தின் ஒரே குரலை அடைத்தவன் என்று இப்போது எழுத்தில் இருக்கிறது.

இலையுதிர் காலம் என்கிறீர்கள். குத்தகைப் பட்டியலுக்கு ஆட்சேபம் சொல்லக் கடைசி நாள் ஜூன் முப்பது. மேலே மேய்ச்சலில் இருக்கிறவனுக்கு அதை யார் போய்ச் சொல்வது? போன் எடுக்காத இடம் அது. உங்கள் டவர் கீழே ஊரோடு நின்றுவிட்டது. புல் ஒரு தடவைதான் முளைக்கும்.

சோனுனிடம் உங்கள் புது டிரான்ஸ்மிட்டரைப் பற்றிச் சொன்னேன்.

"புதுசா? எத்தன வாட்?" என்று கேட்டாள்.

"அவர் சொல்லல."

"சரி, வாங்கிப் போடுங்க, கோழிக் கூண்டு வைக்க ஒசரமா ஒண்ணு வேணும்னு அவரும் சொல்லிட்டிருந்தாரு" என்று கணவரைக் காட்டினாள். பிறகு சிரிப்பு நின்றது. "அண்ணே, நான் கோர்ட்டுக்குப் போறேன். நீங்க வந்து சாட்சி சொல்லுவீங்களா, மாட்டீங்களா? அதமட்டும் சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

சொல்கிறேன் என்றேன். மே 28 அன்று விசாரணை.

மீரிம் போன வாரம் வந்திருந்தாள். உங்களிடம் சொல்லிவிட்டு வந்தாளா என்று தெரியாது.

"மாமா சரியா சாப்பிடறதில்லப்பா. என்னப் பாத்தா எழுந்து வேற ரூமுக்குப் போயிடறாரு."

"அவர்தான் உன்ன அனுப்பினாரா?"

"இல்ல."

நம்பினேன். நம்பாமல் இருக்க வேண்டிய தெம்பு என்னிடம் இல்லை. தன் அம்மாவின் மேலங்கியைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பின்னாலிருந்து பார்க்க சைரா மாதிரியே இருந்தாள். எனக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் ரேடியோப் பெட்டி நூற்று மூன்று புள்ளி நான்கிலேயே இருக்கிறது. இரைச்சல் மட்டும் வருகிறது. நான் அதை அணைப்பதில்லை.

ஒரோசாலி


தலைநகர்
மே 4

சம்பந்தி,

நீங்கள் நீதிமன்றத்தில் என்ன சொல்வீர்கள் என்று யோசித்தேன். "நான் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டேன், மேலே அவர்கள் நிரப்பிக்கொண்டார்கள்." நல்லது. யார் நிரப்பியது என்று நீதிபதி கேட்பார். டைப் செய்தவள் ஜிப்பார். மூன்று பிள்ளைகள், புருஷன் வேலை தேடி வெளிநாடு போய் எட்டு மாதம் ஆகிறது. போலி ஆவணம் தயாரித்ததற்கு ஐந்து வருஷம் சிறை. நானா போவேன்? தலைவர்கள் டைப் செய்வதில்லை.

அப்புறம் நீங்கள். அரசு ஆவணத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட உறுப்பினர். உங்கள் ஓய்வூதியத்தை நிறுத்துவார்கள். அறுபத்தெட்டு வயதில் மறுபடியும் மேய்ப்பர்களின் பெட்டியைப் பிரிக்கப் போகிறீர்களா?

மருமகன் நூறு வருஷம், சம்பந்தி ஆயிரம் வருஷம் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். நீங்கள் ஆயிரம் வருஷத்தை ஓர் அலைவரிசைக்காக அறுக்கிறீர்கள். விசாரணை முடிந்த மறுநாள் மீரிம் இந்த வீட்டில் எந்த முகத்தோடு தேநீர் ஊற்றுவாள்? ஆதில் யார் பக்கம் உட்காருவான்? நான் அவர்களை ஒன்றும் சொல்ல மாட்டேன். நான் சொல்லாமலே வீடு தானாகச் சொல்லும்.

அனார்கான் ராஜினாமா செய்துவிட்டாள், தெரியுமா? உடல்நலக் காரணம். மார்ச் 20 அன்றே போய்விட்டாள். ஐந்து பேரில் எதிர்த்து ஓட்டுப் போட்டவள் அவள் ஒருத்திதான். இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

உங்களுக்கு இன்னும் ஏன் உடல்நலக் காரணம் வரவில்லை என்று நீங்கள் யோசித்ததே இல்லை. அது உங்களுக்குத் தெரியாத விஷயம். அதை நான் எழுத மாட்டேன்.

துராத்பெக்


துரா-புலாக்
மே 8

சம்பந்தி,

அனார்கான் போன மாதம் இங்கே மாமியார் வீட்டுக்கு வந்து, காலையிலிருந்து மாலை வரை உருளைக்கிழங்கு நட்டுவிட்டுப் போனாள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜிப்பாரைக் காட்டி என்னை நிறுத்தப் பார்க்கிறீர்கள். "இதை டைப் செய்" என்று சொன்னது யார் என்று நீதிபதி கேட்கும்படி நான் பேசுவேன்.

மீரிமைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால் நான் நிற்கப் போவதும் இல்லை.

எனக்குத் தெரியாத விஷயம் என்ன? எழுத முடியாது என்றால் அதுதான் எழுத வேண்டியது. தீர்மானத்துக்கு முன் உங்களுக்குப் போன் செய்தது யார்? என்ன சொன்னார்கள்? வார்த்தை மாறாமல் எழுதுங்கள்.

ஒரோசாலி


தலைநகர்
மே 15

சம்பந்தி,

இந்தக் கடிதத்தை ஆதில் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட மனம் வரவில்லை. தபாலும் நம் ஆணையத்துக்குக் கீழேதான் வருகிறது என்று நீங்கள் சொல்வீர்கள்.

நான்கு வருஷத்துக்கு முன், நம் ஐந்து பேருக்கும் நியமன ஆணை கொடுத்த அன்று, என்னை மட்டும் அரை மணி முன்னால் அரசு மாளிகையின் ஏழாவது மாடிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவரின் பெயரை எழுத மாட்டேன். என்னை விடச் சின்ன வயது. மரியாதையாகப் பேசினார்.

"ஆறு வருஷம் உங்கள யாரும் தொட முடியாதுன்னு சட்டம் சொல்லுது சார். நல்ல சட்டம். நாங்களே போட்டதுதான். இதுல ஒரு கையெழுத்து."

ராஜினாமாக் கடிதம். உடல்நலக் காரணத்தால் என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன் என்று இருந்தது. தேதி போடும் இடம் காலி.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"எதுக்கும் இல்ல சார். அலமாரில இருக்கும். இதுவரைக்கும் யாருதையும் வெளிய எடுத்ததில்ல."

போட்டேன். கீழே எல்லோரும் காத்திருந்தார்கள். என் மனைவி புது மேலங்கி தைத்து வைத்திருந்தாள். ஊரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள்.

"மத்த நாலு பேர்கிட்டயும் நீங்களே வாங்கிக் குடுத்துடுங்க சார்" என்றார்.

மூன்று பேரிடம் வாங்கினேன். தேதி எங்கே என்று அனார்கான் மட்டும் கேட்டாள். உங்களிடம் நான் வரவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். தாழ்வாரத்தில் நின்று அதை உரக்க வாசித்திருப்பீர்கள். மேலே போய், "அவர் என் சம்பந்தி, அவருக்கு நான் பொறுப்பு" என்றேன். "அதையே எழுதிக் குடுங்க சார்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதனால் அந்த அலமாரியில் உங்கள் காகிதம் இல்லை. என்னுடையது இரண்டு இருக்கிறது.

நான்கு வருஷம் நீங்கள் கூட்டத்தில் மேஜையைத் தட்டிப் பேசும்போதெல்லாம் அந்த இரண்டாவது காகிதம் எனக்கு ஞாபகம் வரும். கோபம் வந்ததில்லை. நம்மில் ஒருவனாவது கட்டில்லாமல் பேசுகிறான் என்று இருந்தது.

மார்ச் 10 அன்று போன் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளை. நீங்கள் கேட்டபடி வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

"அந்த மலை ரேடியோ இன்னும் பேசிட்டிருக்கு சார்."

"அதுக்குக் கூட்டம் கூட்டணும். ஒருத்தர் வெளிநாட்டுல. ஒரோசாலி சாவு வீட்டுல. அனார்கான் ஒத்துக்க மாட்டா. மூணு கை வராது."

"உங்க சம்பந்திக்கு நீங்க பொறுப்புன்னு எழுதியிருக்கீங்களே சார்."

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"சார், உங்க இன்னொரு காகிதமும் என் மேஜமேலதான் இருக்கு. தேதி போட்டுடட்டுமா?"

பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. சும்மா பயமுறுத்தலாக இருக்கலாம். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

ஜிப்பாரைக் கூப்பிட்டு உங்கள் ஐந்து தாளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "ஐயா, அவர் ஊர்ல இல்லையே" என்றாள். "டைப் பண்ணும்மா" என்றேன். பண்ணினாள். மற்ற இருவரிடம் தாளை அறைக்கே கொடுத்தனுப்பினேன்; அனார்கான் எதிர்ப்பு என்று எழுதித் திருப்பினாள். மீதி நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். அதற்காக என்னைப் பாராட்டச் சொல்லவில்லை.

இதை ஆணைய உறுப்பினருக்கு எழுதவில்லை. சம்பந்திக்கு எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போடுங்கள்.

துராத்பெக்


துரா-புலாக்
மே 21

சம்பந்தி துராத்பெக் அவர்களுக்கு,

படித்தேன். அடுப்பில் போடவில்லை.

ஆதில் இரண்டு நாள் இங்கே இருந்தான். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. வேலியில் சாய்ந்திருந்த இரண்டு கம்பத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான். நல்ல பையன். அவனை வளர்த்தது நீங்கள். அதையும் இதோடு சேர்த்துத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்காகப் பொறுப்பு ஏற்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உதவி என்று நினைத்துச் செய்திருப்பீர்கள். அன்று அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டியிருக்க வேண்டும். நான் உரக்க வாசித்திருப்பேன். அன்றே எனக்கு இடம் போயிருக்கும். ஐந்து பேரும் கட்டப்பட்டவர்கள் என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் என்னைக் காப்பாற்றியதால், கட்டில்லாத ஒருவன் இருக்கிறான் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். நான்கு வருஷம் மேஜையைத் தட்டினேன். அந்தத் தட்டலுக்கு உங்கள் கழுத்து ஈடாக இருந்தது எனக்குத் தெரியாது. உங்கள்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. சைரா போனதிலிருந்து எதுவும் வருவதில்லை. அதனால் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன்.

சோனுன் 28-ஆம் தேதி மாவட்டத் தலைநகர் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். மேய்ச்சல் பட்டியலை, பலகையில் ஒட்டியிருந்தபடியே, கிழிக்காமல் கொண்டுவர வேண்டும். சீல் வைத்த போலீஸ்காரனும் வர வேண்டும். யாருடைய போனுக்குக் கதவைச் சாத்தினான் என்று சொல்ல வேண்டும். தெரியாது என்றால், தெரியாது என்றே சொல்லட்டும். தெரியாத ஒருவரின் போனுக்கு ஒரு வானொலி மூடப்பட்டது என்று குறிப்பில் ஏறினால் போதும்.

கணவாயில் பனி வாரும் ஆட்கள் தங்கள் வேலைப் பதிவேட்டைக் காட்ட வேண்டும். மார்ச் 2 முதல் ஏப்ரல் 6 வரை சக்கரம் எதுவும் போகவில்லை என்று அதில் இருக்கிறது. கேட்டுவிட்டேன், தருகிறார்கள்.

அனார்கான் தன் ராஜினாமாவில் கையெழுத்து எந்த வருஷம் போட்டது, தேதி எந்த வருஷம் போட்டது என்று சொல்ல வேண்டும். அவளிடம் பேசினேன். "ஒருத்தர் முதல்ல சொல்லட்டும்ணே, ரெண்டாவதா நான் சொல்றேன்" என்றாள். முதலில் நான் சொல்கிறேன்.

ஜிப்பார் பேச வேண்டியதில்லை. அவள் "அவர் ஊர்ல இல்லையே" என்று கேட்டிருக்கிறாள். அந்த அலுவலகத்தில் அன்று சட்டத்தைப் பேசியது அவள் மட்டும்தான். அவளுக்குத் தீங்கு வராமல் அந்தக் கேள்வியை நீதிபதியிடம் யார் சொல்ல முடியுமோ அவர் சொல்ல வேண்டும். அது நீங்கள்.

நம் இடங்களில் இனி யார் வந்து உட்கார்ந்தாலும், தேதி இல்லாத தாளிலும் எழுத்து இல்லாத தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. முன்பே போட்டவர்கள் அதை வெளியே சொல்லிவிட வேண்டும். சொன்னவனிடம் அந்த அலமாரிக்கு வேலை இல்லை. இதை நாடாளுமன்றம் சட்டத்தில் எழுத வேண்டும். எழுதும்வரை அவரவர் தனக்குத்தானே எழுதிக்கொள்ள வேண்டும்.

மீரிமும் ஆதிலும் எங்கே இருப்பது என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். நீங்களும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது.

நான்: வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டேன் என்று நீதிபதி முன் சொல்வேன். ஓய்வூதியத்தை எடுத்தால் எடுக்கட்டும். ராஜினாமாவும் எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் நடந்ததை எழுதி, இன்றைய தேதி போட்டிருக்கிறேன்.

நீங்கள்: 28-ஆம் தேதி காலை பத்து மணிக்குள் வந்து, மார்ச் 10 அன்று கேட்டதை உங்கள் வாயால் சொல்ல வேண்டும். வந்தால், உங்கள் மே 15 கடிதம் உங்கள் கைக்கே திரும்பும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வராவிட்டால் அது நீதிபதியிடம் போகும். சம்பந்திக்கு எழுதிய கடிதத்தை நீதிமன்றத்தில் நீட்டியவன் என்று என் பெயர் இந்தப் பள்ளத்தாக்கில் நிற்கும். என் மகள் வீட்டு வாசலில் நான் மறுபடி ஏற முடியாது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் மே 15 கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். மேலே பெயர் எழுதவில்லை. உங்கள் பெயரா, நீதிபதியின் பெயரா என்று 26-ஆம் தேதிக்குள் நீங்கள் எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஒரோசாலி